கீழ பஜாரில் கற்பூரம் அணைச்சவங்க

ஆனி 7, வெள்ளி

இன்னிக்குக் காலையில பஜார் பிள்ளையார் கோயில் முன்னால இருந்தவங்க: பட்டுக்கடை குற்றாலலிங்கம் அண்ணாச்சி, வியாபாரிகள் சங்கத் தலைவர் அவுகதான். பாத்திரக்கடை திரவியம். நகைக்கடை நல்லபெருமாள். தையல்கடை பீர்முகம்மது. வளையல் கடை கோமதி. என் மகன் சங்கரபாண்டி. அப்புறம் நான், மேட்சிங் கடை உலகம்மாள். பூசை வெச்ச ஐயரைச் சேர்க்கலை, அவருக்குக் கடை கிடையாது.

பேர் பேரா எழுதுறதுக்குக் காரணம் இருக்கு. நாளைக்கு எவனாவது நான் அன்னிக்கு ஊர்லயே இல்லைம்பான். என் வீட்டுக்காரர் செத்தப்ப நல்லபெருமாள் மூணாம் நாள்தான் வந்தாரு. முதல் நாளே வந்ததா இன்னி வரைக்கும் சொல்லிக்கிட்டுத் திரியுறாரு. வந்த அன்னிக்கு ஊதாக் கோடு போட்ட சட்டை. துட்டிக்கு வாரவன் போடுற சட்டையா அது.

விஷயம் இதுதான். பைபாஸ்ல, செங்கோட்டை விலக்கு தாண்டி, மால் கட்டுறாக. ஆவணியில திறப்பாகளாம். நம்ம பஜார்க்காரங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் ஆள் விட்டு, அங்க வந்து கடை எடுங்கன்னு கேக்காக. கல்யாணச் சேலையை அண்ணாச்சி கடையில எடுப்பாக. அந்தச் சேலையோட என் கடைக்கு வந்து அதே கலர்ல ரவிக்கைச் சட்டைத்துணியும் லைனிங்கும் எடுப்பாக. பீர்முகம்மது தைப்பாரு. கோமதி வளையல் போடுவா. இதுல ஒரு கடை போனா அடுத்த கடைப் படி ஏறுற காலும் நின்னு போகும். அதனால கீழ பஜார்ல இருந்து ஒருத்தரும் அங்க கடை எடுக்கக் கூடாதுன்னு கற்பூரம் அணைச்சு சத்தியம் செஞ்சாச்சு. பீர்முகம்மது நெஞ்சுல கை வெச்சு, அவர் அல்லா பேரைச் சொன்னாரு.

மீறினவன் கோயிலுக்கு எண்ணெய் வாங்கிக் குடுக்கணும்னாக அண்ணாச்சி. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. எண்ணெய வாங்கி ஊத்திட்டு அவன் பாட்டுக்குப் போயிருவான். மீறினவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு இந்தத் தெருவுல இருந்து ஒரு கால் படியேறக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன். எல்லாரும் சரின்னு தலைய ஆட்டினாக.

கோமதி மட்டும் என் பக்கத்துல வந்து, "உலகு, அது ரொம்பப் பெருசுட்டி. செத்த வீட்டுக்குக் கூடவா?" ன்னு கேட்டா.

"செத்த வீட்டுக்குக் கூடத்தான். பயமா இருந்தா வீட்டுக்குப் போ" ன்னேன்.

போகலை. என்னையே பார்த்துக்கிட்டு கற்பூரத்துல உள்ளங்கைய அமுக்கி வெச்சா. பட்டும் படாம அணைக்கத் தெரியலை அவளுக்கு. தோல் சிவந்து போச்சு.

என் கடை சங்கரபாண்டி பேர்ல இருக்கதால அவன் கைதான் வைக்கணும்னுட்டாக. அவன் கையைக் கொண்டு போகவும் சாரல் காத்து வந்து கற்பூரம் தானா அணைஞ்சு போச்சு. திரும்ப ஏத்தணுமான்னு ஐயர் கேட்டாரு. வேண்டாம், கை போயிருச்சுல்லா, போதும்னு சொன்னேன். என் மகன் மேல எனக்கு நம்பிக்கை இல்லாமலா.

ஆனி 13

சாரல். யாவாரம் மட்டம். ஒரு சேலை ஃபால்ஸ், ரெண்டு சட்டைத்துணி.

கடை திறந்தா நானும் வளையல் கடைக் கோமுவும் தண்ணி குடிக்க மாட்டோம். பஜார்ல பொம்பளை ஒதுங்க இடம் கிடையாது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு லாட்ஜ், அதுக்குப் பின்னால ஒண்ணு உண்டு. வாட்ச்மேன் நல்ல மனுசன். டீ குடிச்சிட்டு வாரேன்னு ஒருத்தி கிளம்பினா, மத்தவ ரெண்டு கடையையும் பார்த்துக்கிடணும். கல்யாணமாகி இந்தக் கடைக்கு வந்ததுல இருந்து இதுதான் வழக்கம். நாங்க குடிச்ச டீயெல்லாம் நிசமாவே குடிச்சிருந்தா குளம் வத்திப் போயிருக்கும்.

ஒரு வருசம் கோமு சங்கத்துல எழுந்து, பொம்பளைகளுக்கு ஒரு கக்கூஸ் கட்டுங்கன்னு கேட்டா. இடம் என் கடைச் சுவரை ஒட்டி வந்துச்சு. கல்யாணத் துணி எடுக்க வாரவ மூக்கைப் பொத்திக்கிட்டா படியேறுவா? நான் வேண்டாம்னேன். அந்தத் துட்டுல பஜார் முனையில அலங்கார வளைவு கட்டினாக. கோமுவுக்கு அதுல இன்னும் மனத்தாங்கல். நான் அதையெல்லாம் மனசுல வெச்சுக்கிடுற ஆள் இல்லை.

ஆனி 24

குடோன்ல லைனிங் துணி பேல் குறையுது. சங்கரபாண்டியக் கேட்டேன். கூரை ஒழுகுதும்மா, வேற இடத்துல மாத்தி வெச்சிருக்கேன்னான். சரிதான், சாரல் காலம்.

பகவதியும் ஓயாம வெளிய போய்ட்டு வாரா. என் மருமகதான், சிந்துவோட அம்மா. சிந்துவுக்குப் பாளையங்கோட்டையில இடம் முடிஞ்சிருக்கு, தையில கல்யாணம், அதனால அலைச்சல்னா. கல்யாண வேலைக்குப் போறவ சேலையில பெயிண்ட் எப்படி ஒட்டும்னு கேட்டேன். மண்டபம் பார்க்கப் போனோம், அங்க வெள்ளையடிக்காகன்னு பதில் வந்துச்சு.

ஆடி 18

கோமு உள்ளங்கைக் கொப்புளம் ஆறிருச்சு. தழும்பு வெள்ளையா நிக்கி. வளையல் போடுறப்ப வாரவங்க என்னன்னு கேக்காக. இட்லிக் கொப்பரை சுட்டுருச்சுங்கா.

ஆவணி 6, வியாழன்

மாலைத் திறந்துட்டாக. காலையில இருந்து பஜார்ல ஈ காக்கா இல்லை. மினி பஸ் எல்லாம் நம்ம பக்கம் திரும்பாம நேரா பைபாஸுக்கே போகுது. வளைவுக்குக் கீழ நாய் ஒண்ணு நடுரோட்டுல படுத்து உறங்குது, எழுப்ப ஒரு வண்டி வரலை.

மத்தியானம் பூக்காரி வந்து சொல்லுதா, அங்க முதல் மாடி முழுக்க அண்ணாச்சி மருமகன் கடையாம். எனக்கு ரத்தம் கொதிச்சுப் போச்சு. நேரா பட்டுக்கடைக்குப் போய், கல்லாவுக்கு முன்னால நின்னு கேட்டேன். நீங்க அணைச்ச கற்பூரம் என்ன கற்பூரம் அண்ணாச்சி, கடையில விக்கிற பச்சைக் கற்பூரமான்னேன். மருமகன்னா வேற வீடு உலகம்மா, அவன் கோயிலுக்கு வரலையேன்னாக. மருமகனுக்குச் சேலை எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டேன். கணக்குப்பிள்ளையக் கூப்பிட்டு ஃபேனைக் கூட்டச் சொன்னாக.

சங்கத்தைக் கூட்டுங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.

ஆவணி 10

கூட்டினாக. நான் விடலை. அண்ணாச்சி வீட்டுப் படிய இனி எவனும் மிதிக்கக் கூடாது, சொன்னது சொன்னதுதான்னேன். திரவியம் செருப்பைப் பார்த்துக்கிட்டு இருந்தாரு. நல்லபெருமாள் போன்ல பேசுற மாதிரி வெளிய போயிட்டாரு. சங்கரபாண்டி வரவே இல்லை, வயித்து வலியாம்.

கடைசியில பீர்முகம்மது எழுந்து வந்து, மெதுவா, "அக்கா, ஒரு தடவை அங்க போய்ப் பார்த்துட்டு வந்து பேசுங்க" ன்னாரு.

அங்க என்ன எனக்குப் பார்க்க இருக்குன்னேன். கோமு என் கையைப் பிடிச்சு, வா உலகு, கடைக்குப் போவோம்னு இழுத்தா. நான் உதறிட்டேன்.

ஆவணி 11, செவ்வாய்

போனேன்.

மினி பஸ்ல ஏறி, விலக்குல இறங்கி, வெயில்ல நடந்தேன். உள்ள நுழைஞ்சதும் மார்கழி மாதிரி குளிரு. வாசல்ல ஒருத்தி பையைத் திறந்து காட்டச் சொன்னா. வெத்தலைப் பெட்டியக் காட்டினேன்.

முதல் மாடியில அண்ணாச்சி மருமகன் கடை. அதுக்கு நேர் எதிர்ல என் மூஞ்சி.

பொய் சொல்லலை. ஆள் உயரத்துக்கு என் போட்டோ. சிந்து போன பொங்கலுக்குச் செல்போன்ல எடுத்தது, மூக்குத்தி மின்னுது, சிரிச்சிக்கிட்டு இருக்கேன். மேல எழுதியிருக்கு, 'உலகம்மாள் மேட்சிங்'. உள்ள என் மருமக ஒருத்திக்கு லைனிங் அளந்துக்கிட்டு இருக்கா. எங்க குடோன்ல இருந்து போன பேல் எல்லாம் கலர் வாரியா அடுக்கியிருக்கு.

பகவதி என்னைப் பார்த்துட்டு ஸ்கேலைக் கீழ போட்டா. அப்புறம் குனிஞ்சு எடுத்து, வாங்க அத்தை, உக்காருங்கன்னு நாற்காலிய இழுத்துப் போட்டா.

"யாரைக் கேட்டுட்டி என் மூஞ்சிய இங்க மாட்டினே?"

"உங்க பேருக்குத்தான் அத்தை ஆள் வருது."

கற்பூரத்தைப் பத்திக் கேட்டேன். அவ குரலைக் கூட்டலை. எப்பவும் என்கிட்ட தலையக் குனிஞ்சு பேசுறவ, நிமிந்து பேசினா.

"கை வெச்சது உங்க மகன். அதையும் காத்துதான் அணைச்சது. என்னைய யாரும் கோயிலுக்குக் கூப்பிடலை அத்தை. உங்க கடையில இருந்தப்ப ரெண்டு தடவை நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரியில கிடந்தேன். இங்க பாத்ரூம் இருக்கு. நான் இப்பக் காலையில தண்ணி குடிக்கேன்."

எழுந்து வந்துட்டேன்.

திரும்ப ரொம்ப தூரம் போகணும்கிறதால அங்கேயே போயிட்டு வந்தேன். பெரிய கண்ணாடி, சோப்பு, கை காய வைக்க ஒரு மெசின். தரை ஈரம் இல்லாம கிடந்துச்சு.

பஜாருக்கு வந்து கோமுகிட்ட கேட்டேன், உனக்கு முன்னாலயே தெரியுமான்னு. ஆனி மாசமே தெரியும்னா. அப்ப ஏன் சொல்லலைன்னேன்.

"நீ விதிச்சது உன் தலையிலயே வந்து விழப் போகுதுன்னு என் வாயால சொல்லணுமா உலகு?"

தெருவுக்கே தெரிஞ்சிருக்கு. நான் அண்ணாச்சி கல்லாவுக்கு முன்னால கத்தினப்ப, சங்கத்துல கையை நீட்டிப் பேசினப்ப, எல்லாரும் மனசுக்குள்ள என்னைப் பார்த்து இரக்கப்பட்டிருக்காக. பெத்த மகன் ஏய்ச்சதை விட இது பெருசு. இவளும் சேர்ந்து இரக்கப்பட்டிருக்கா.

ஆவணி 12

பகவதி கையால சாப்பிடலை. சங்கரபாண்டி கால்ல விழுந்தான். எய்யா, கால்ல விழுறதுக்கு உங்கப்பா உனக்குச் சொல்லிக் குடுத்தாரு, கற்பூரம் அணைக்கச் சொல்லிக் குடுக்கலையேன்னேன்.

ஆவணி 14

சாப்பிட்டேன். சிந்து அழுதா.

புரட்டாசி 3

போட்டோவைக் கழட்டணும்னு மாலுக்குப் போனேன். ஏணி இல்லைன்னுட்டாக. ஏணி வரட்டும்னு உக்காந்திருந்தேன். அதுக்குள்ள ஒருத்தி மாம்பழக் கலர் சேலையோட வந்து பகவதியப் பாடாப் படுத்தினா. நான்தான் எழுந்து எடுத்துக் குடுத்தேன். வந்தவ போட்டோவையும் என்னையும் மாத்தி மாத்திப் பார்த்துட்டு, நீங்கதானா அதுன்னு கூட நின்னு படம் எடுத்துக்கிட்டா.

பஜார்க் கடைய கோமு பார்த்துக்கிட்டா.

புரட்டாசி 9

இன்னிக்கும் ஏணி வரலை.

புரட்டாசி 20

பஸ் ஸ்டாண்டு லாட்ஜை இடிச்சுட்டாகளாம். போன வாரமே. கோமு என்கிட்ட சொல்லலை, பீர்முகம்மது சொன்னாரு. அப்ப அவ எங்க போறான்னு கேட்டேன். தெரியலை அக்கா, சாயந்திரம் சீக்கிரமே கடைய அடைச்சுட்டுப் போயிருதாகன்னாரு. ஒரு வார்த்தை என்கிட்ட சொல்ல அவளுக்கு வாய் இல்லையா. அவ்வளவு ரோசம்.

ஐப்பசி 14, தீபாவளி

முந்தியெல்லாம் தீபாவளிக்கு முந்தின நாள் கீழ பஜார்ல ஆள் மேல ஆள் ஏறித்தான் நடக்கணும். நேத்து அங்க பந்த் மாதிரி கிடந்துச்சு. மால்ல நிக்க இடம் இல்லை.

இன்னொண்ணும் எழுதணும். நேத்து அங்க கீழ் மாடியில பாத்திரம் விக்கிற கடையில திரவியத்தோட தம்பி மகன் கல்லாவுல இருந்தான். பக்கத்துல மூட்டை பிரிக்கிறது திரவியம். என்னைப் பார்த்ததும், சும்மா பார்க்க வந்தேன்னாரு. நானும் சும்மாதான் வந்தேன்னேன். தங்கம் விக்கிற இடத்துல நல்லபெருமாள். அவரும் சும்மாதான் வந்தாராம். கழுத்துல இஞ்சி டேப்பைப் போட்டுக்கிட்டு லிஃப்டுல போன பீர்முகம்மது சொல்லவே இல்லை, சிரிச்சுட்டாரு. எங்க தெருவே அங்க சும்மா நடந்து திரியுது.

கோமுவை மட்டும் காணலை. தேடலை, சும்மா பார்த்தேன்.

கார்த்திகை 11

பஜார்க் கடைய அடைச்சாச்சு. மிச்சச் சரக்கை வண்டியில ஏத்தினாக. ஷட்டரை இழுக்கையில பாதியில மாட்டிக்கிட்டு இறங்க மாட்டேன்னுச்சு. கோமு வந்து தோளைக் குடுத்தா, இறங்கிருச்சு. சாவிய அவகிட்ட குடுத்தேன், என்னைக்காவது தூசி தட்டட்டும்னு. வாங்கி இடுப்புல செருகினா. டீ குடிச்சிட்டு வாரியான்னு நான் கேக்கலை.

மார்கழி 19

கல்யாண வேலை. பகவதி நல்லாத்தான் செய்யுதா. சம்பந்தி வீட்டுல மாலுக்கு வந்து பார்த்துட்டுப் போனாக. அந்தம்மா என் போட்டோவைப் பார்த்து, உங்க பாட்டிக்கு ராசியான முகம்னு சிந்துகிட்ட சொன்னாளாம். அந்தம்மாவுக்குக் கண் நல்லா இருக்கு.

தை 5

கீழ பஜாருக்குக் கல்யாணத்துக்கு அழைக்கப் போனேன். தாம்பாளத்துல வெத்தலை பாக்கு, குங்குமம், பத்திரிகை. சங்கரபாண்டி வாரேன்னான், நீ வராதேன்னுட்டேன்.

நல்லது கெட்டதுக்கு ஒரு கால் படியேறக் கூடாதுன்னு சொன்னது என் வாய். அவங்க திருப்பிச் சொன்னா நான் நாக்கைப் பிடுங்கிக்கிட்டுத்தான் சாகணும். என் பேத்தி கல்யாணத்துல எங்க தெரு இல்லாம வெறும் நாற்காலி கிடந்தா சம்பந்தி வீட்டுல என்ன நினைப்பாக.

அண்ணாச்சி ரெண்டு கையாலயும் வாங்கினாக. குடும்பத்தோட வந்திருவோம் உலகம்மான்னாக. திரவியம் குத்துவிளக்கு என் செலவுன்னாரு. நல்லபெருமாள் இந்தத் தடவை முதல் நாளே வந்துருதேன்னாரு, அப்ப அதுவும் அவருக்கு ஞாபகம் இருந்திருக்கு. பீர்முகம்மது சிந்து சட்டைய ஏற்கனவே வெட்டிப் போட்டாச்சுன்னாரு. கற்பூரத்தைப் பத்தி ஒருத்தரும் வாய் திறக்கலை. ஏன் திறக்கலைன்னு நானும் கேக்கலை.

கடைசியா கோமு கடை. தெருவுல அது ஒண்ணுதான் முழுசாத் திறந்திருக்கு.

தாம்பாளத்தை நீட்டினேன். பத்திரிகைய எடுத்து, சிந்து பேரை விரலால தடவிப் பார்த்துட்டு, திரும்ப அதுலயே வெச்சா. எந்திரிச்சு நின்னுதான் வெச்சா.

"புள்ளை நல்லா இருக்கணும் உலகு. நான் வர முடியாது."

மத்தவங்க எல்லாரும் வாராகன்னேன். தெரியும்னா. பிள்ளையாரே அதை மறந்திருப்பாருட்டின்னேன்.

"பிள்ளையாருக்காகவா செஞ்சேன்? நீ சொன்னேன்னு செஞ்சேன். வேண்டாம் வேண்டாம்னு சொல்லச் சொல்ல, பயமா இருந்தா வீட்டுக்குப் போன்னே. இப்ப வான்னா எப்படி வர? அன்னிக்கு நீ சொன்னதும் விளையாட்டு, நான் கையைச் சுட்டுக்கிட்டதும் விளையாட்டுன்னு ஆகிரும்லா."

இடுப்புல இருந்து என் கடைச் சாவிய எடுத்து வெத்தலை மேல வெச்சா. தினமும் கூட்டித் தெளிச்சிருக்கேன்னா.

அவ்வளவு பேர் எதிர்ல, தெருவுல, தாம்பாளத்தைத் திருப்பித் தூக்கிக்கிட்டு நடந்தேன். அவ்வளவு பேர்னா அந்த நாய் மட்டும்தான். இருந்தாலும் தெரு தெருதானே.

தை 19

சிந்து கையில முகூர்த்த வளையல். மால்ல வாங்கினதுன்னு நினைச்சேன். அங்க வாங்குறது கை மேல ஏறினா உரசி, தோல் வழண்டு போகும். இது எண்ணெய் போட்ட மாதிரி ஏறியிருக்கு. இந்தத் தெருப் பொண்ணுக எல்லாருக்கும் அப்படி ஏத்துற கை ஒண்ணுதான் உண்டு.

பகவதியக் கேட்டேன். நேத்து கடையில போய்ப் போட்டுட்டு வந்தோம் அத்தைன்னா. அவுக நம்ம வீட்டுப் படி ஏறக் கூடாதுன்னுதான் சத்தியம், நாம அவுக கடைப் படி ஏறக் கூடாதுன்னு யாரும் சொல்லலையேன்னா. வளையல் போட்டுட்டுச் சிந்துவை மடியில சாய்ச்சுக்கிட்டு ரொம்ப நேரம் இருந்தாளாம். என்னைப் பத்தி ஏதாவது கேட்டாளான்னு கேட்டேன். அத்தை தண்ணி குடிக்காகளான்னு மட்டும் கேட்டாகன்னா.

தை 20, ஞாயிறு

சிந்து கல்யாணம் நல்லபடியா முடிஞ்சது.

இன்னிக்கு மண்டபத்துல இருந்தவங்க: குற்றாலலிங்கம் அண்ணாச்சி, மகள் மருமகனோட, முன் வரிசையில. திரவியம். ரெண்டு குத்துவிளக்கு. நல்லபெருமாள், முகூர்த்தத்துக்கு முன்னாலயே. பீர்முகம்மது, வீட்டுக்காரியோட. என் மகன் சங்கரபாண்டி, வேட்டி அவிழுறது தெரியாம அழுதுக்கிட்டு. என் மருமக பகவதி. பிள்ளையார் கோயில் ஐயர் கூட வந்தாரு. கற்பூர ஆரத்தியத் தொட்டு எல்லாரும் கண்ணுல ஒத்திக்கிட்டாக. பட்டும் படாமத்தான்.

பொண்ணு மாப்பிள்ளை கார் கீழ பஜார் வழியாத்தான் போகணும்னு சிந்து அடம் பிடிச்சா. அவங்க கார்ல நானும் இருந்தேன். எல்லாக் கடையும் அடைச்சிருக்கு, எல்லாரும் என் வீட்டுக் கல்யாணத்துல இருக்காக. வளையல் கடை மட்டும் திறந்திருந்துச்சு. கார் வரவும் எந்திரிச்சு வாசலுக்கு வந்தா. கையெடுத்துக் கும்பிட்டா, கார் தாண்டுற வரைக்கும் நின்னா. சிந்து கையாட்டினா. நான் நேராப் பார்த்துக்கிட்டு இருந்தேன். ரெண்டு கடையையும் பார்த்துக்கிட ஒரு ஆள் இல்லாம அவ எப்பக் கிளம்புவா, எங்க போவா, அதெல்லாம் என் கவலை இல்லை.

எல்லாரையும் மன்னிச்சாச்சு. அண்ணாச்சியை மன்னிச்சாச்சு. என் மூஞ்சிய மாட்டினவளை மன்னிச்சாச்சு. பொய்க் கை வெச்ச மகனை, அவன் நான் பெத்த பிள்ளை, மன்னிச்சாச்சு. என் வாயால வந்த ஒரு வார்த்தைய இவங்க எல்லாரும் தூக்கி எறிஞ்சுட்டு வந்து என் வீட்டுல சாப்பிட்டாக, அதனால என் மானம் நின்னுச்சு. ஒருத்தி மட்டும் அந்த வார்த்தையத் தூக்கி வெச்சுக்கிட்டு அங்கேயே நிக்கா. நான் சாகுற வரைக்கும் மன்னிக்க மாட்டேன்.

வளையல் கடை கோமதி.